வலது பக்கத்துச் சட்டைப் பை

அண்ணன் புத்தகத்தைத் தூக்கி எறிந்தான். அது என் மேசையில் மோதி, பென்சில் டப்பாவைத் தட்டிவிட்டு, நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது. நான் கை தட்டினேன்.

தட்டாமல் என்ன செய்வது? எட்டு மாதமாக எதன்மீதும் கோபப்படாத மனுஷன். டீ ஆறிப்போயிருந்தாலும் குடிப்பான். மின்விசிறி நின்றுபோனாலும் வேர்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். அவன் ஒரு பொருளை வீசி எறிகிறான் என்றால் சும்மாவா?

"அண்ணி, ஓடி வாங்க! அண்ணன் எறியறான்!"

அண்ணி ஈரக்கையோடு ஓடி வந்தார். "எந்தக் கையால?"

"நல்ல கையாலதான். ஆனா என்ன வேகம் தெரியுமா!"

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் சிவந்திருந்தது. "சரி," என்றான். "சரி! சரி! சரி!"

"பசிக்குது போல," என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனார்.

போன வருஷக் கடைசியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, படிப்பு எல்லாவற்றையும் ஒரே காலையில் வாரிக்கொண்டு போய்விட்டது. நாம் பேசுவது அவனுக்குப் புரியும். பதில்தான் வராது. எழுத்தைக் காட்டினால் ஏதோ பூச்சி ஊர்வதைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பான். வாயில் மிச்சம் இருந்தது 'சரி' என்ற ஒரே வார்த்தை. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, ஜன்னலைச் சாத்து என்பதற்கும் சரி. விட்டுவைத்ததுதான் விட்டுவைத்தது, அந்த வார்த்தையையா விட்டுவைக்க வேண்டும்? நாற்பத்தொன்பது வயது வரை என் அண்ணன் யாரிடமும் ஒரு தடவைகூடச் 'சரி' சொன்னவன் இல்லை.

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இருபத்திரண்டு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு ஊரையே இடதும் வலதும் திருப்பியவன். "இடதுன்னா எந்தக் கை? எழுதற கையா, எழுதாத கையா? எழுதாத கைன்னு தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு அந்தப் பக்கம் திருப்பறீங்க?" என்று காது கிழியக் கத்துவான். அவனிடம் அழாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் யாரும் கிடையாது. தேர்வில் தோற்றவர்களும் கிடையாது. வீட்டிலும் அதே கத்தல்தான். அவன் கத்துவான், நான் பதிலுக்குக் கத்துவேன், அண்ணி ரேடியோவைக் கூட்டி வைப்பார். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த அமைதியை எடுத்துக்கொண்டு அவர்களையும் வெளியே போகச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றும்.

நான் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் படம் போடுகிறவள். எந்த அலுவலகத்திலும் எனக்கு நாற்காலி கிடையாது. அண்ணன் வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு சாய்வு மேசை, அவ்வளவுதான் என் ஆபீஸ். ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு வாரம் இரண்டு படம். நடுநடுவே புத்தக அட்டை, பள்ளிப் பாடத்துக்குத் தவளையின் வயிறு, இப்படி எது வந்தாலும். "கதாநாயகி இன்னும் கொஞ்சம் அழகா இருக்கட்டுமே மேடம்" என்று பத்திரிகையிலிருந்து போன் வரும். "இந்த வாரம் அவளுக்கு டைபாய்டு சார்" என்பேன். "டைபாய்டுலயும் அழகா" என்பார்கள். இருபது வருஷமாக இப்படிப் பல்லைக் கடித்துக் கடித்தே என் பல் தேய்ந்துவிட்டது.

அப்போதுதான் இந்தப் புத்தகத்துக்குப் படம் போடும் வேலை வந்தது. அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ மேடம்தான் எழுதினார். வலது பக்கம் செயலிழந்தவர்களுக்கு வீட்டுப் பயிற்சிப் புத்தகம். படுக்கையில் எப்படித் திரும்புவது, எப்படி எழுந்து நிற்பது, சட்டையை எந்தக் கையில் முதலில் மாட்டுவது, படி எப்படி ஏறுவது என்று இருபத்தாறு படம். வலது பக்கம் போனவர்களில் பலருக்குப் பேச்சும் படிப்பும் சேர்ந்து போய்விடுமாம். "எழுத்து வீட்ல இருக்கறவங்களுக்கு. படம்தான் நோயாளிக்கு. அவர் அதைப் பாத்து அப்படியே செய்வார்" என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். இடது பக்கம் போனவர்களுக்குத் தனியாக இன்னொரு புத்தகம் பிறகு வரும் என்றார்.

மாடலுக்கு நான் எங்கே போவேன்? அண்ணனையே உட்கார வைத்தேன்.

ஆறு வாரம், காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. பத்து மணிக்கு முன்னாலேயே அவன் இடது கையால் தலையைச் சீவிக்கொண்டு தயாராக இருப்பான். கட்டம் போட்ட சட்டைதான் வேண்டும். அதன் பையில் அவனுடைய சிவப்புப் பேனா, மாணவர்கள் தப்புச் செய்தால் தாளில் சுழிப்பானே, அது இருந்தே ஆக வேண்டும். வைக்க மறந்தால் நாற்காலியை விட்டு அசையமாட்டான். செத்த கை எப்படித் தொங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். முழங்கை லேசாக மடங்கி ஒட்டியிருக்கும். கட்டைவிரல் உள்ளே போய் மற்ற நான்கு விரலும் அதன்மேல் மூடியிருக்கும். அதை வரைந்து முடித்த அன்று நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் அண்ணன் படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "சரி," என்றான். அது நிஜமாகவே 'சரி'தான் என்று எனக்குத் தெரிந்தது.

அந்தப் புத்தகம்தான் அன்று காலை கூரியரில் பத்துப் பிரதி வந்து, முதல் பிரதியை அவன் மடியில் வைத்து, அவன் புரட்டிப் பார்த்து, தூக்கி எறிந்தது.

நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்து மறுபடி அவனிடம் நீட்டினேன். "என்னண்ணா? பிடிக்கலையா? நீ நல்லாத்தானே இருக்கே? முடிகூட இருக்கறதைவிட அதிகமா போட்டிருக்கேன்."

அவன் புத்தகத்தை வாங்கி மேசையில் போட்டான். பதினேழாம் பக்கத்தைத் திறந்து இடது கை விரலால் ஒரு குத்துக் குத்தினான். பிறகு தன் சட்டைப் பையை அடித்தான். மறுபடி படத்தைக் குத்தினான். மறுபடி பையை அடித்தான்.

"பேனாதானே? போட்டிருக்கேனே, இதோ இருக்கு பாரு," என்றேன். படத்தில் பேனாவைத் தொட்டுக் காட்டினேன்.

தொட்ட பிறகுதான் உறைத்தது. பேனா வலது பக்கம் இருந்தது.

சட்டைப் பை எந்த உலகத்திலாவது வலது பக்கம் இருக்குமா? படத்தில் அண்ணன் படிக்கட்டின் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, வலது காலை மேல்படியில் வைத்துக்கொண்டு ஏறுகிறான். இடது கை மடங்கித் தொங்குகிறது. நான் வரைந்ததை அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பக்கங்களைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கம் திருப்பியிருந்தது. பதினொன்று திருப்பியிருந்தது. பன்னிரண்டு சரியாக இருந்தது. பதின்மூன்று மறுபடி திருப்பியிருந்தது. ஒரு பக்கத்தில் ஊன்றுகோல் இடது கையில், அடுத்த பக்கத்தில் வலது கையில். மொத்தம் பதினொரு படம்.

"அண்ணி!" என்று கத்தினேன். இந்த முறை அண்ணி கரண்டியோடு வந்தார். "இதைப் பாத்து ஒரு ஆள் படி ஏறினா என்ன ஆகும்? செத்த கையால கம்பியைப் பிடிப்பான். செத்த காலை முதல்ல மேல வைப்பான். அங்கயே மண்டை உடையும்!"

"உங்கிட்ட கேக்காமலா திருப்பினாங்க?"

"கேக்கவே இல்ல அண்ணி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம திருப்பியிருக்கானுங்க. இன்னிக்கு இருக்கு அவனுங்களுக்கு."

பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அச்சடித்த பிரதி எல்லாம் வண்டியில் ஏறி பன்னிரண்டு மருத்துவமனைகளுக்குப் போகிறது என்று வரவேற்பில் இருந்த பெண் சந்தோஷமாகச் சொன்னாள். நான் செருப்பை மாட்டினேன். திரும்பினால் அண்ணன் ஊன்றுகோலோடு கதவை மறித்து நிற்கிறான்.

"நீ எங்க வர்றே? அங்க லிஃப்ட் கிடையாது. ரெண்டு மாடி."

"சரி," என்றான். நகரவில்லை.

பதிப்பகக் கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறது. அதில் 'பழுது' என்ற அட்டையும் இருக்கிறது. அந்த அட்டையே பழுப்பேறிப் பழுதாகிவிட்டது. அண்ணன் படிக்கட்டின் அடியில் நின்று ஒரு தடவை மேலே பார்த்தான். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தான். இடது கையால் கம்பியைப் பிடித்தான். இடது கால் முதலில் மேலே. பிறகு வலது கால், இழுத்துக்கொண்டு. பிறகு இடது கால். நான் வரைந்த பதினேழாம் பக்கம் அதுதான், அச்சடித்த பதினேழாம் பக்கம் அல்ல. முப்பத்தாறு படி. திருப்பத்துக்குத் திருப்பம் அவன் மூச்சு வாங்க நின்றான், அந்த நேரத்தில் நான் மேலே இருப்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டி என்னைப் பழக்கிக்கொண்டேன்.

பக்கம் வடிவமைக்கிறவரை நாங்கள் எல்லாரும் 'கட்டம்' என்றுதான் சொல்வோம். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எல்லாவற்றையும் அதற்குள் நிற்க வைப்பதில் அப்படியொரு பக்தி. ஐம்பது வயது, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, குரல் ஒரு நாளும் உயராது. கத்துகிறவளுக்கு அதைவிட எரிச்சல் வேறு இல்லை.

அண்ணனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கட்டத்தின் விசைப்பலகைமேல் போட்டேன். "இது என்ன?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லா வந்திருக்கே மேடம்."

"படத்தைத் திருப்பினது யாரு?"

"நான்தான். வலப்பக்கத் தாள்ல வர்ற படம் வெளியப் பாக்கற மாதிரி இருந்துச்சு. உருவம் எப்பவும் பக்கத்துக்கு உள்ளப் பாக்கணும் மேடம். வெளியப் பாத்தா வாசகர் கண்ணு புத்தகத்தை விட்டு ஓடிடும்."

"வாசகர் கண்ணு ஓடிடுமா? இதைப் பாத்துப் படி ஏறினா வாசகரே ஓடிடுவாரு, ஒரேயடியா! சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க! உங்க சட்டையைக் குனிஞ்சு பாருங்க!"

கட்டம் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது.

"அது மட்டுமில்ல," என்றேன். "படத்தைத் திருப்பினா ஓரத்துல இருக்கற என் கையெழுத்தும் இடம் வலமா மாறித்தான் போகும். ஆனா கையெழுத்து மட்டும் நேரா இருக்கு. அதை வெட்டி எடுத்து, நேராக்கி, ஒட்டியிருக்கீங்க. எழுத்து திரும்பினா தப்புன்னு தெரியுது, கை திரும்பினா தப்புன்னு தெரியாதா?"

சத்தம் கேட்டுப் பதிப்பாளர் அறையிலிருந்து வந்தார். பெரிய மனிதர், எந்தச் சண்டையிலும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் வந்து நிற்பவர். விஷயத்தைக் கேட்டார். புத்தகத்தைப் புரட்டினார். "எழுத்தெல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு? வலதுன்னு இருக்கற இடத்துல வலதுன்னுதான் இருக்கு. ஒரு சின்னத் துண்டுச்சீட்டு அடிச்சு உள்ள வெச்சிடுவோம். 'சில படங்கள் இடம் வலம் மாறியுள்ளன'ன்னு."

"படிக்கத் தெரியாம போனவங்களுக்குச் சார் படம்! அவங்களுக்குத் துண்டுச்சீட்டு வெப்பீங்களா?"

"கூட இருக்கறவங்க படிச்சுச் சொல்ல மாட்டாங்களா?"

"கூட இருக்கறவங்க எந்நேரமும் கூடவே இருப்பாங்களா? இவர் தனியா பாத்ரூம் போறப்ப யாரு சார் படிச்சுக் காட்டறது? நீங்க வர்றீங்களா?"

அறையில் இருந்த நாலைந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேகம் வந்துவிட்டது. இருபது வருஷத்துக் கோபமும் வரிசையில் நின்று முறை கேட்டது. டைபாய்டு கதாநாயகி வந்தாள், வெட்டிச் சிறிதாக்கிய அட்டைகள் வந்தன, பேர் போடாமல் விட்ட தவளை வந்தது. "படம்னா உங்களுக்கு என்ன, ஓட்டையை அடைக்கற துணியா? இழுத்த பக்கம் வரும், திருப்பின பக்கம் திரும்பும்னு நெனச்சீங்களா? போட்டவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கேட்டேனே மேடம்," என்றார் கட்டம்.

"எப்ப கேட்டீங்க?"

"அச்சடிக்கறதுக்கு முன்னாடி ப்ரூஃப் அனுப்பினேனே. போன மாசம். முழுப் புத்தகமும்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கோபமாகத் திருப்பவில்லை, கணக்கு வாத்தியார் விடையைக் காட்டுவதுபோலத் திருப்பினார். நீளமாக அவர் எழுதிய செய்தி. கீழே புத்தகத்தின் கோப்பு. அதற்கும் கீழே, மூன்று நிமிஷம் கழித்து, என் பதில். எழுத்து ஒன்றும் இல்லை. மஞ்சளாக ஒரு கட்டைவிரல், நிமிர்ந்து நின்றது.

எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வியாழக்கிழமை. டைபாய்டு கதாநாயகியை அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும், மை காயவில்லை, போன் சிணுங்கியது. கோப்பைத் திறந்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு எங்கேயாவது உடைந்திருக்கிறதா? இல்லை. கறுப்பு அடைத்துக்கொண்டிருக்கிறதா? இல்லை. கையெழுத்தை வெட்டிவிட்டார்களா? அதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருபத்தாறு படத்திலும் பார்த்தேன். இருந்தது. கட்டைவிரலைத் தட்டிவிட்டுக் கதாநாயகியிடம் போய்விட்டேன். அண்ணனின் கை எந்தப் பக்கம் என்று ஒரு படத்தில்கூடப் பார்க்கவில்லை.

ஒத்துக்கொண்டேனா? நானா?

"அது போன்ல பாத்தது!" என்றேன். "இத்தனூண்டு திரை! அதுல என்ன தெரியும்? திருப்பியிருக்கேன்னு நீங்க எழுதியிருக்கணும். எழுதினீங்களா? எழுதல இல்ல? அப்புறம் என்ன ப்ரூஃப்? அது ப்ரூஃபே இல்ல!"

என் குரல் முன்பைவிட உயர்ந்திருந்தது. குற்றமுள்ளவள் கத்துகிற கத்தல் எப்படியிருக்கும் என்று எனக்கே காதில் விழுந்தது, ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை.

பதிப்பாளர் இரண்டு கையையும் விரித்தார். "சரிம்மா. இப்ப என்ன பண்ணலாம்? பிசியோ மேடம் எழுத்தைத்தான் பாத்தாங்க, படத்துக்கு நீங்க பொறுப்புன்னு விட்டுட்டாங்க. புத்தகம் அவங்களோடது. அவங்க நிறுத்துன்னு சொன்னா இந்த நிமிஷமே நிறுத்தறேன். நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல? நீங்களே பேசுங்க."

போன் என் கையில்தான் இருந்தது. பேசினால் மேடம் கேட்கிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். ப்ரூஃப் யார் பார்த்தது? வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணனின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிற மனுஷி அவர். போனைப் பையில் போட்டேன்.

"நான் எதுக்குப் பேசணும்? திருப்பினவர் பேசட்டும்! நீங்க பண்ணின தப்புக்கு நான் போய் நிக்கணுமா? நான் போட்டது சரியாத்தான் போட்டேன். இருபத்தாறும் சரியாத்தான்..."

பின்னால் நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. அண்ணன் எழுந்து நின்றான். அவனை உட்கார வைத்ததையே மறந்துவிட்டிருந்தேன். ஊன்றுகோலை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, கட்டத்தின் மேசைக்கு வந்தான். வரிசையாக எல்லாரும் வழிவிட்டார்கள். திரைக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தான்.

எழுத்து அவனுக்குத் தெரியாது. கட்டைவிரல் தெரியும். அது படம்.

ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு, இடது கை விரலால் அந்த மஞ்சள் கட்டைவிரலைத் தொட்டான். பிறகு அதே விரல் என் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. எட்டு மாதமாக அந்த வாயையே பார்த்துப் பழகிய எனக்குச் 'சரி' வரப்போகிறது என்று தெரியும். ஆனால் வாய் 'ச'வுக்குப் போகவில்லை. முகம் இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, எச்சில் ஒழுகி, ஏதோ ஒரு பாரத்தை இழுப்பவனைப்போல இழுத்தான்.

"நீ," என்றான்.

கட்டம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ... பாக்கல."

தெளிவாக இருந்தது. கரகரப்பாக, கொஞ்சம் கோணலாக, ஆனால் அவன் குரல். பக்கத்து இருக்கையிலிருந்து வருகிற குரல். அவனே ஒரு கணம் பயந்துபோய்க் கையால் வாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டு இன்னும் சத்தமாகச் சொன்னான். "நீ பாக்கல!"

எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. எட்டு மாதமாக இந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருந்தேன். வந்தது. இத்தனை வார்த்தை இருக்க, எனக்கு இதுதான் வந்தது. அதிலும் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

"ஆமாண்ணா," என்றேன். "நான் பாக்கல."

போனை எடுத்தேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே பேசினேன். பதினொரு படம் திரும்பியிருக்கிறது, புத்தகம் நாளைக்குப் போகக்கூடாது என்றேன். மேடம் நான் நினைத்த கேள்வியையேதான் கேட்டார்.

"நான்தான் மேடம் பாத்தேன். சரின்னு அனுப்பினதும் நான்தான். கையெழுத்து இருக்கான்னு பாத்தேன், கை எந்தப் பக்கம்னு பாக்கல."

"உங்க அண்ணனை வெச்சுத்தானே வரைஞ்சீங்க?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, வெறும் ஆச்சரியம்தான். கோபமாகவே கேட்டிருக்கலாம். "பதிப்பாளர்கிட்ட போனைக் குடுங்க," என்றார்.

பதிப்பாளர் 'ஆமாம் மேடம்', 'சரி மேடம்' என்று ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுக் கட்டாக வைத்திருந்த புத்தகங்களைக் கிடங்குக்கே திருப்பி எடுத்துப்போகச் சொன்னார். இனி ஒரு வேலைக்கும் என்னை இந்தப் படி ஏறச் சொல்ல மாட்டார் என்று எனக்குப் புரிந்தது. கட்டம் மட்டும் மெதுவாக, "பதினொண்ணையும் நேரா வெச்சு மறுபடி அனுப்பறேன் மேடம். பெரிய தாள்ல அச்செடுத்தே அனுப்பறேன்," என்றார். நான் அவ்வளவு கத்தியும் குரலை உயர்த்தாத மனுஷர். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. அன்று வாய் வந்தது அண்ணனுக்கு மட்டும்தான்.

இறங்கும்போது கம்பி அவனுடைய செத்த பக்கம் வந்தது. ஊன்றுகோல் இடது கையில். நான் ஒரு படி கீழே, அவனுடைய வலது பக்கம், முதுகைக் காட்டாமல் திரும்பி நின்றுகொண்டேன். இறங்கும்போது கெட்ட கால்தான் முதலில். பத்தொன்பதாம் பக்கம். அதையும் திருப்பியிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவன் ஒரு தடவை சொன்னான். வலது கால் கீழே, "நீ பாக்கல." இடது கால் கீழே, "நீ பாக்கல." முதல் மாடி வரும்போது வார்த்தைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்திருந்தது. தெருவுக்கு வரும்போது பழைய வேகம் கொஞ்சம் வந்துவிட்டது. காவல்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்ணா, எனக்குக் கேட்டுடுச்சு," என்றேன்.

"நீ பாக்கல!" என்றான்.

வீட்டுக் கதவை அண்ணி திறந்தார். "என்ன ஆச்சு? நிறுத்தினாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் ஊன்றுகோலைத் தூக்கி என்னைக் காட்டினான். "நீ பாக்கல."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"நீ பாக்கல!"

"ஐயோ, இன்னொரு தடவை!"

அவன் சொன்னான். அண்ணி அவன் சட்டையை, பேனா இருந்த பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், மறுபடி சொல்லச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அவன் மாடிப்படி முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னான். நான் பத்துப் பிரதியில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியேயே நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை.

"எதைப் பாக்கலியாம்?" என்று கேட்டார்.

"அவன் கையை, அண்ணி," என்றேன்.